ரிவால்வர் கைப்பிடி: கண்ணுக்கா, கைக்கா?

ரிவால்வரில் சொந்தக்காரரே சுலபமாக மாற்றக்கூடிய பாகம் கைப்பிடிதான். பெரும்பாலும் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் இரண்டு பலகைகளும் தனியே வந்துவிடும். அதனாலேயே ஆசைக்காக மாற்றுபவர்கள் அதிகம். நானும் அப்படித்தான், கண்ணாடிபோலப் பளபளத்த ரோஸ்வுட் ஜோடி ஒன்றை வாங்கி, பலமாக உதைக்கும் .357 மேக்னம் ரிவால்வரில் பொருத்தினேன். பார்க்க அவ்வளவு அழகு. சுட்டபோது ஒவ்வொரு தோட்டாவுக்கும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் கொஞ்சம் வழுக்கி மேலேறியது. அடுத்த சூட்டுக்கு முன் பிடியைச் சரிசெய்தே ஆக வேண்டியிருந்தது.

இதை வைத்து, மரம் அழகுக்கு, ரப்பர் வேலைக்கு என்று முடிவுகட்டிவிட முடியாது. நான் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன், அது தவறு. கைப்பிடி எதனால் செய்யப்பட்டது என்பதைவிட அதன் வடிவம்தான் முக்கியம்.

முதலில் பார்க்க வேண்டியது விசைக்கும் கைக்கும் உள்ள தூரம். டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுப்பதே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளிச் சுடவும் செய்யும்; அதனால் விசை நீளமாகவும் கனமாகவும் இழுபடும். விரல் அதை நன்றாக எட்டாவிட்டால் இழுக்கும்போதே குறி பக்கவாட்டில் நகரும். கைப்பிடியின் பின்புற இரும்புப் பட்டையை ரப்பரோ மரமோ மூடியிருந்தால், அந்த மூடலின் தடிமன் அத்தனையும் இந்தத் தூரத்தில் கூடும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் சிறிய கைக்கு அதுவே பெரிய வித்தியாசம். பின்பட்டை திறந்திருக்கும் கைப்பிடியில் விரல் சுலபமாக எட்டும். பதிலுக்கு உதை நேராக இரும்பிலிருந்து உள்ளங்கையில் இறங்கும். சின்னக் கை, மிதமான தோட்டா என்றால் திறந்த பின்பட்டையே நல்லது. பெரிய கை, கனமான மேக்னம் தோட்டா என்றால் மூடிய ரப்பர்.

அடுத்தது விசைக் காப்புக்கு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு, பின்னால் இருக்கும் இடைவெளி. ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய மேக்னா பலகைகள் மெலிதாக, அழகாக இருக்கும், ஆனால் அந்த இடத்தை நிரப்பாது. பலமாக உதைக்கும் தோட்டாவில் காப்பின் பின்விளிம்பு நடுவிரல் மூட்டில் வந்து இடிக்கும். ஒரு பெட்டி தோட்டா சுட்டு முடிப்பதற்குள் மூட்டு சிவந்துபோகும். டைலர் டி-கிரிப் என்ற சிறிய உலோகத் துண்டு இந்த இடைவெளியை நிரப்பவே வந்தது. மேக்னாவின் தோற்றத்தை விட மனமில்லாதவர்களுக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

மேக்னாவுக்கு நேரெதிர், ஸ்மித் அண்ட் வெஸனே கொடுத்த பெரிய டார்கெட் கைப்பிடி. கொன்சாலோ ஆல்வெஸ் என்ற வரிவரியான மரத்தில் செய்தவை பலவும் தங்கநிறத்தில் மின்னும். ஆனால் அடியில் அகன்று, நடுவில் பருத்து இருப்பதால் பெரிய கைக்கு மட்டுமே பொருந்தும். அவற்றில் பலவற்றுக்கு இன்னொரு சிக்கல் இடதுபக்கப் பலகையின் மேல்நுனி. சிலிண்டரைத் திறந்து வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது கைப்பிடியை ஒட்டிய கூடு அந்த நுனியில் முட்டி நிற்கும். அதன் விளிம்பு, கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவ எஜெக்டருக்கு அடியில் நழுவி மாட்டிக்கொண்டால், நகத்தால் கிளறி எடுக்கும்வரை துப்பாக்கி செயலற்றுத்தான் கிடக்கும். எல்லாத் தோட்டாக்களையும் ஒரே சமயத்தில் நிரப்ப உதவும் ஸ்பீட்லோடரும் அதே இடத்தில் இடிக்கும். எந்தக் கைப்பிடியை வாங்கினாலும் இடப்பலகையின் மேற்பகுதி குடைந்து வழிவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பளபளப்பைப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது.

அப்புறம் விரல் பள்ளங்கள். ஹோக் நிறுவனத்தின் மோனோகிரிப் பிரபலமானதும் இவை எங்கும் வந்துவிட்டன. பள்ளத்தின் இடைவெளி உங்கள் விரலோடு பொருந்தினால் பிடி பூட்டுப்போட்டது மாதிரி நிற்கும். பொருந்தாவிட்டால் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடு விரலுக்கு அடியில் உறுத்தும், கையும் எட்ட வேண்டிய உயரத்துக்கு ஏறாது. ரிவால்வரில் குழல் கைக்கு வெகு மேலே இருப்பதால் கை எவ்வளவு மேலே பிடிக்கிறதோ அவ்வளவு குறைவாக முகப்பு துள்ளும். அதனால் பிடித்துப் பார்க்காமல் பள்ளமுள்ள கைப்பிடி வாங்காதீர்கள்; பள்ளமில்லாதது எல்லாக் கைக்கும் ஒத்துப்போகும்.

ரப்பருக்கும் குறை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸனின் ஜே-ஃபிரேம் மாதிரி, எடை குறைந்த சிறிய ரிவால்வரைச் சட்டைக்கு அடியிலோ பாக்கெட்டிலோ வைப்பவர்களுக்கு ரப்பர் துணியில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது துணியும் சேர்ந்து வரும். சட்டையின் மேல் துருத்திக்கொண்டும் தெரியும். அங்கே வழவழப்பான சிறிய மரக் கைப்பிடிதான் உண்மையில் பயன் தருவது. பழைய ரப்பர் சிலது பிசுபிசுத்தும் போய்விடும்.

வழவழப்பு நன்மையாகும் இன்னொரு இடம் கோல்ட் நிறுவனத்தின் 1873-ஆம் ஆண்டு சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு சூட்டுக்கும் முன் சுத்தியலைப் பெருவிரலால் இழுக்க வேண்டிய துப்பாக்கி அது. அதன் கலப்பைப்பிடி போன்ற வளைவு, உதைக்கும்போது துப்பாக்கி கைக்குள் உருளுவதற்கு இடம் கொடுக்கிறது. உருண்டு முடியும்போது சுத்தியல் பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதில் ஒட்டும் ரப்பரை மாட்டினால் அந்த அசைவு கெட்டுப்போகும்.

தந்தம், முத்துச்சிப்பி, மான்கொம்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனின் ரிவால்வர்களில் இருந்தது தந்தம், அதை முத்து என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சிப்பி கீழே விழுந்தால் உடையும். தந்தம் வறண்டால் சுருங்கி வெடிக்கும். 1989-இல் யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்ய, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்த பிறகு சட்டச் சிக்கலும் சேர்ந்துவிட்டது. காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்கு தந்தம் மாதிரியே தெரியும் ரெசின் பலகை போதும். சுடுவதற்கு இவை எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

அழகையும் நல்ல பிடியையும் ஓரளவு சேர்த்துத் தந்ததில் எனக்குப் பிடித்தது 1985-இல் வந்த ரூகர் ஜிபி100. வழக்கமான கைப்பிடிச் சட்டகத்துக்குப் பதிலாக அதில் ஒரு மெல்லிய இரும்புத் தண்டு மட்டுமே இருக்கிறது. அதனால் கைப்பிடியை எந்த அளவிலும் எந்த வளைவிலும் செய்யலாம். தொழிற்சாலையிலிருந்தே ரப்பர் கைப்பிடிக்குள் மரத்துண்டு பதித்துக் கொடுத்தார்கள். கை அழுத்தும் இடத்தில் ரப்பர், கண் பார்க்கும் பக்கத்தில் மரம்.

வீட்டில் மாற்றும்போது முதலில் சிலிண்டரைத் திறந்து காலியா என்று பாருங்கள், மறுபடியும் ஒருமுறை பாருங்கள். திருகைச் சில சுற்று தளர்த்திவிட்டு அதன் தலையை மெல்ல அழுத்தினால் எதிர்ப்பக்கப் பலகை தானே கழன்று வரும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் மரம் பிளக்கும். திரும்ப மாட்டும்போது இறுக்கமாகப் பிடித்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கினால் திருகைச் சுற்றி விரிசல் விழும்.

கழற்றிய பழைய ஜோடியைத் தூக்கி எறியாமல், வலப்பலகையின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸன் பலவற்றில் அந்தத் துப்பாக்கியின் தொடர் எண் அங்கே அச்சாகவோ பென்சிலிலோ இருக்கும். எண் பொருந்தினால் அது அந்தத் துப்பாக்கியோடு பிறந்த ஜோடி. துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.