டிரம் வடிகட்டி: வாழைக்குச் சரி, கீரைக்கு வேண்டாம்

குளித்த நீரைத் தோட்டத்துக்கு விட, 200 லிட்டர் டிரம்மில் கூழாங்கல், கரி, ஆற்றுமணல் அடுக்கி விற்கும் இந்த வடிகட்டி, நீரின் அழுக்கையும் வாடையையும் ஓரளவு பிடிக்கிறது. கிருமியை முழுதாகப் பிடிக்காது. தெளிவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

விளம்பரப் படத்தில் அரைக்கீரைப் பாத்தி! தரையை ஒட்டி வளரும் கீரைக்குப் பூவாளியில் ஊற்றினால் கிருமி முழுதும் போகாத நீர் நேரே இலையில்தான் விழும். கொத்தமல்லி, புதினா பச்சையாகவே சட்னிக்குப் போகிறவை. குழந்தைத் துணி அலசிய நீர் கலந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

சமையலறை சிங்க்கின் கழிவுநீர்க் குழாயை இணைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு மணல்மேல் ஆடைபோலப் படிந்து அடைக்கும். மேல் இரண்டு அங்குல மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி இதோடு வருவதில்லை, அதுதான் பெரிய குறை. வடித்த நீரை அன்றே வாழைத்தூரில் விடுங்கள், மறுநாள் நாறும். சலவைத்தூள் நீரை அடிக்கடி விட்டால் சோடியம் சேர்ந்து மண் இறுகும்.