துருவக் கடலடிச் சேறு: 16எஸ் போதுமா, மெட்டாஜீனோம் வேண்டுமா?

துருவக் கடலடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்வதில்லை. டி.என்.ஏ.வைப் படித்துத்தான் அவற்றை அடையாளம் காண வேண்டும்.

16எஸ் முறையில், நுண்ணுயிர்களை இனம் காண உதவும் 16எஸ் என்ற ஒரே ஒரு மரபணுவின் துண்டை பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறை) மூலம் பெருக்கிப் படிக்கிறோம். செலவு குறைவு. துளி டி.என்.ஏ. கிடைத்தாலும் வேலை நடக்கும். ஆழம் போகப் போக செல்கள் அருகிவிடும் சேற்றுக்கு இது பெரிய வசதி. ஆனால் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாத உயிரி கணக்கிலேயே வராது.

மெட்டாஜீனோம் முறை இருக்கிற டி.என்.ஏ. எல்லாவற்றையும் படிக்கிறது. யார் இருக்கிறார்கள் என்பதோடு, என்ன செய்யும் திறன் உண்டு என்பதும் தெரியும். ஆர்க்டிக் நடுக்கடல் முகட்டில், 'லோகியின் கோட்டை' என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, 3,283 மீட்டர் ஆழத்துச் சேற்றைப் பாருங்கள். அங்கே ஒரு விசித்திர ஆர்க்கியாக் (பாக்டீரியா போலவே உட்கரு இல்லாத, ஆனால் வேறு வகை நுண்ணுயிர்) கூட்டம் இருப்பதை 16எஸ் முன்பே காட்டிவிட்டது. அதன் மரபணுத் தொகுதியை 2015இல் கோத்துப் பார்த்தபோதுதான் நம் செல்களுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரதத்தின் மரபணுவுக்கு நெருங்கிய மரபணுக்கள் அதில் தெரிந்தன. லோகியார்க்கியோட்டா என்ற பெயரும் அப்போது வந்ததுதான். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

செத்த செல்களின் டி.என்.ஏ. குளிரில் நெடுங்காலம் தங்கும். அந்தக் குழப்பம் இரண்டு முறைக்கும் உண்டு.

என்னைக் கேட்டால், சேற்றின் எல்லா அடுக்குகளுக்கும் முதலில் 16எஸ். அப்புறம் வித்தியாசமாகத் தெரியும் அடுக்குகளுக்கு மட்டும் மெட்டாஜீனோம்.