குசினிப் பைப் வாஷர்: 2022 இல் மாற்றியது, இன்னும் சொட்டவில்லை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் குசினிப் பைப் பழைய ரகம், திருகி மூடுவது. 2022 இல் அது சொட்டத் தொடங்கியபோது புதுப் பைப் வாங்குகிற நிலைமை இல்லை. அந்த வருடம் இறக்குமதிச் சாமான்களின் விலை அப்படி ஏறிக்கிடந்தது. உள்ளே தண்ணீரை அடைக்கும் ரப்பர் வாஷரை மட்டும் மாற்றினேன். இன்றைக்கும் அதே பைப், அதே வாஷர்.

கழற்றுவதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இறுக்கி மூடியும் வாயில் சொட்டினால் வாஷர். திறந்திருக்கும்போது கைபிடிக்குக் கீழே கசிந்தால் கைபிடியோடு சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது பாக்கிங் (கசிவை அடைக்கச் சுற்றும் நூல்). இடம் வலமாகத் திரும்பும் நீள வாய்ப் பைப்பில் அடிப்பக்கம் ஈரமானால், அந்தக் கழுத்துக்குள் இருக்கும் ஓ-ரிங். திருகாமல் தூக்கித் திறக்கும் ஒற்றைக் கைபிடிப் பைப்பில் இந்த வாஷரே இராது, பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் என்ற முழு உள் உறுப்புத்தான். அது வேறு வேலை.

மெயின் வால்வைப் பூட்டித் தண்டை வெளியே எடுத்தபோது, பழைய வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. தேய்த்த விரலில் மை மாதிரிக் கறுப்பு ஒட்டியது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் சாதாரண ரப்பரை நாளடைவில் இப்படித்தான் ஆக்கும். ஹார்ட்வெயார் கடை ஐயா, "தம்பி, பழசைக் கொண்டு வாங்கோ, அளவு பார்த்துத்தான் தருவன்" என்றார். அவர் சொன்னது சரி. அரை அங்குலப் பைப் என்று மட்டும் சொன்னால் போதாது; வாஷரின் விட்டமும் தடிப்பும் பைப்புக்குப் பைப் மாறும். கேட்டு வாங்க வேண்டியது ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர். குளோரினையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். பழைய டயர் டியூபில் வெட்டிப் போடுவது ஒரு அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை காலம் சொட்டாமல் இருப்பதற்கு வாஷரை விட, அது போய் அமரும் பித்தளை விளிம்புதான் காரணம் என்பது என் எண்ணம். டோர்ச் அடித்துப் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு படிந்து கரகரத்தது. வினாகிரியில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்ததும் வழுவழுப்பானது. அந்த விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல வாஷரும் சீக்கிரம் கிழிந்துவிடும். அதைச் சீவி மட்டப்படுத்தும் கருவி பைப் வேலை செய்பவர்களிடம் இருக்கும், கூப்பிட்டுச் செய்விப்பது நல்லது.

ஓ-ரிங்குக்கு சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். வாகன கிரீஸும் வாஸ்லினும் பெற்றோலிய எண்ணெயில் வந்தவை. அவை பட்டால் ஈபிடிஎம் ஊதிப் பழுதாகும்.

அப்புறம் பாவிக்கிற விதம். தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இறுக்குவதுதான் வாஷரில் பள்ளம் போடுவது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிப் பழக்கினேன், அம்மாவுக்குத்தான் கொஞ்சம் நாள் எடுத்தது. தண்ணீர் வெட்டு முடிந்து திரும்ப வரும்போது முதலில் மண்ணும் துருவும் சேர்ந்து வரும். அந்த நேரம் முற்றத்துப் பைப்பைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வந்த பிறகே குசினிப் பைப்பைத் திறக்கிறோம்.

கடற்காற்றில் வெளிப்பூச்சு புள்ளி புள்ளியாக உரிகிறது. உள்ளே பழுதில்லாததால் மாற்றுகிற யோசனை இப்போதைக்கு இல்லை.