கோடநாடு காட்சிமுனையா, ரங்கசாமி சிகரமா?

கோத்தகிரி போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. மாயாறு பள்ளத்தாக்கை எங்கிருந்து பார்ப்பது?

செலவு: கோடநாட்டுக்குப் பேருந்திலேயே போய்விடலாம், செலவு குறைவு. ரங்கசாமி சிகரத்துக்கு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் கூடுதல்.

சிரமம்: கோடநாட்டில் வண்டி காட்சிமுனை வரை போகும், தாத்தா பாட்டியும் வரலாம். கரிக்கையூர் கிராமத்திலிருந்து சிகரம் ஏறுவது கடினமான நடை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

காட்சி: கோடநாட்டில் நின்றால் பள்ளத்தாக்கில் உள்ள தெங்குமரகடா கிராமமும், வானம் தெளிந்திருந்தால் பவானிசாகர் நீர்த்தேக்கம்கூடத் தெரியும். மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கரிக்கையூர்ப் பக்கத்துக் காட்டிலோ பொறிவரை என்ற இடத்தில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. தமிழகத்தின் முக்கியமான பாறை ஓவியத் தலங்களில் அது ஒன்று. அந்தக் காட்டிலேயே வளர்ந்த வழிகாட்டியோடு நடக்கும்போது யானைத் தடமும் மரமும் புரியத் தொடங்கும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஓவியங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

காலம்: காட்டுத்தீ அபாயமுள்ள வறண்ட மாதங்களில் நடைத்தடங்களை மூடிவிடுவார்கள்.

குழந்தைகளோடு அரை நாள்தான் இருக்கிறதா? கோடநாடு. உடம்பில் தெம்பும் கையில் ஒரு முழு நாளும் இருந்தால், யோசிக்காமல் கரிக்கையூர்.