நாயோடு போகும் பாய்மரப் படகுக்கு இரவுத் தங்கல் எங்கே? ஃபாஸில் பே, எக்கோ பே, ரீட் ஹார்பர், ஜோன்ஸ்

வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கனடா எல்லையோரம் சிதறிக் கிடக்கும் சான் ஹுவான் தீவுகளில் நங்கூரமிட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 30 அடிப் படகு, இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், 20 கிலோ எடையுள்ள நாய் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். நாய் இரவு பத்து மணிக்கும் விடிகாலை ஆறு மணிக்கும் கரை இறங்கியாக வேண்டும். காற்று மறைவும் நல்ல அடித்தரையும் எல்லாப் படகுக்கும் வேண்டியவைதான். அவை ஓரளவு ஒத்திருக்கும் குடாக்களுக்குள் தேர்வைத் தீர்ப்பது, டிங்கி எனும் சிறு துணைப்படகில் அந்த இரண்டு நடையும் இருட்டிலும் தூறலிலும் எவ்வளவு சுலபமாக முடியும் என்பதுதான்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். மேட்டியா தீவின் ரோல்ஃப் கோவ் படத்தில் பார்த்தால் ஆளை இழுக்கும். தீவின் பெரும்பகுதி தேசிய வனவிலங்குப் புகலிடம். காட்டுத் தடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. துறைமேடையைச் சுற்றி மட்டும் நடத்திவிட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சூசியா: ஒரே தீவு, மூன்று விதமான இரவு

ஆர்க்கஸ் தீவுக்கு வடக்கே இரண்டரை மைலில் இருக்கும் சூசியா, விரித்த கை மாதிரி. விரல்களுக்கு இடையில் குடாக்கள். பெரும்பாலோர் நேராக எக்கோ பேக்குத்தான் போவார்கள். இடம் விசாலம், படகைக் கட்டிவைக்க மிதவைகள் உண்டு, ஜூலை சனிக்கிழமையில்கூட ஒரு மூலை கிடைக்கும். சிக்கல் இரண்டு. வாய் தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருப்பதால், உள்ளே காற்றே இல்லாத இரவிலும் வெளியே போகும் கப்பல்கள் கிளப்பும் அலை மெதுவாக வந்து சேரும். காற்றில்லாத படகு அந்த அலைக்குக் குறுக்கே திரும்பி நின்று உருளும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், நாய் தூங்காது. இரண்டாவது, பிந்தி வந்தால் கரையிலிருந்து 400 மீட்டர் தள்ளித்தான் இடம் அமையும். பகலில் அது ஒரு தூரமே இல்லை. இரவு பத்து மணிக்கு எதிர்க்காற்றில் துடுப்புப் போடும்போது தெரியும்.

ஃபாஸில் பே சின்னது. அதுவும் தென்கிழக்கு நோக்கியதே. ஆனால் மிதவைகள் கரைக்குப் பக்கம், துறைமேடையும் உண்டு. குடாவின் தலைப்பில், அதாவது உட்கோடியில், ஒரு தாழ்வான நிலக்கழுத்து. அதைத் தாண்டினால் மறுபுறம் ஃபாக்ஸ் கோவ். ஒரு கரையில் காற்று அடித்தால் நாயை மறுகரையில் விடலாம், இடையில் சமதரை. தீவு முழுக்கச் சுமார் பத்து மைல் நடைத்தடம் இருப்பதால், பகலில் நாயை நன்றாகக் களைக்க வைக்க முடியும். களைத்த நாய் படகில் குரைக்காது. இந்த ஒப்பீட்டில் இதைவிடக் கனமான காரணம் வேறில்லை.

ஃபாஸில் பேயின் குறை ஆழம். 1.8 மீட்டர் நீருக்குள் இறங்கும் அடிக்கட்டை உள்ள படகு, தலைப்பை ஒட்டிய மிதவையைப் பிடிக்குமுன் கடல்நீர் இறங்கும் அன்றைய மிகத் தாழ்ந்த வற்றத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். (2012இல் வாஷிங்டன் மாநிலத்தின் முதல் டைனோசர் எலும்பு கிடைத்தது இந்தத் தீவில்தான். பிள்ளைகள் பாறையைச் சுரண்ட ஆசைப்படுவார்கள். புதைபடிவம் எடுக்க அனுமதி இல்லை.)

ஷாலோ பே மேற்கு பார்த்தது. தென்கிழக்குக் காற்று வருமென்றால் தீவைச் சுற்றி இங்கே வரலாம். நுழைவில் இரண்டு குறிகளுக்கு நடுவே போக வேண்டும், உள்ளே பெயருக்கேற்ப ஆழம் குறைவு, அடியில் ஈல்கிராஸ் எனும் கடற்புல். அந்தப் புல்லில் நங்கூரம் இறங்கினால் புல்லும் கிழியும், நங்கூரமும் பிடிக்காது. வேர்ப்பாயின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். இங்கே மிதவை கிடைத்தால் தங்கலாம், கிடைக்காவிட்டால் வேறு குடா பார்ப்பது நல்லது.

ஸ்டூவர்ட் தீவின் ரீட் ஹார்பர்

வானிலை அறிக்கை சந்தேகமாக இருக்கும் நாளில் ரீட் ஹார்பர் சூசியாவை வென்றுவிடும். ஒரு மைலுக்கும் மேல் நீளமான குறுகிய குடா, இருபுறமும் காடடர்ந்த மேடு, சேற்று அடித்தரை. வாய் இதற்கும் தென்கிழக்கில்தான். ஆனால் உள்ளே தலைப்புவரை போய்விட்டால் வெளி அலை தேய்ந்துவிடும். தென்கிழக்குக் காற்று வலுத்தால் குடா புனல்போலக் காற்றை இழுக்கும். அப்போதும் சேறு நங்கூரத்தை விடாது. கழிவுத் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும் மிதவை நிலையம் இங்கே உண்டு. 2018 முதல் வாஷிங்டனின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதி முழுக்க, இந்தத் தீவுகள் உட்பட, படகுக் கழிவைக் கடலில் விடத் தடை இருப்பதால், மூன்றாம் நாளில் இதன் அருமை புரியும்.

நாய்க்கு? துறைமேடையிலிருந்து மேலே ஏற செங்குத்தான படிகள். வயதான நாய்க்கும் இடுப்பு பலவீனமான லாப்ரடாருக்கும் அது தண்டனை. தலைப்பில் கரை இறங்கினால் மண் சாலை கிடைக்கும். அதைப் பிடித்தால் 1893இல் கட்டிய டர்ன் பாயின்ட் கலங்கரை விளக்கம்வரை போகச் சுமார் மூன்று மைல். ஆனால் வற்றத்தில் அந்தத் தலைப்பு சேறாகிவிடும். நாய் முட்டிவரை கறுப்புச் சேற்றோடு டிங்கியில் ஏறி, அடுத்து படுக்கையில் ஏறும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் தலைப்பா, துறைமேடையா என்று முடிவெடுக்க வேண்டும்.

ஜோன்ஸ்

188 ஏக்கர் தீவு, வடக்கே ஒரு குடா, தெற்கே ஒன்று. வடக்குக் குடா அழகு, ஆனால் அடித்தரை பாறை. நங்கூரம் பிடித்ததுபோல் காட்டி நீவாடு (நீரோட்டம்) திரும்பியதும் விட்டுவிடும். தெற்குக் குடாவில் சான் ஹுவான் சேனலில் போகும் படகுகளின் அலை ஓயாது. மனிதரைக் கண்டு ஓடாத மான்கள் வேறு. வேட்டை மூக்குள்ள நாய்க்கு அது ராத்திரி முழுக்கப் பேச்சு. துறைமேடையிலோ மிதவையிலோ இடம் கிடைத்தால் ஒரு மதியம் கழிக்கலாம்.

மேடையா, மிதவையா, நங்கூரமா

துறைமேடை நாய்க்கு மிக எளிது, அமைதிக்கு மிகக் கேடு. நள்ளிரவில் நடப்பவர், பக்கத்துப் படகு நாய், குப்பை தேடி வரும் ரக்கூன் ஒவ்வொன்றுக்கும் பதில் குரைப்பு உண்டு. பூங்கா மிதவைக்கு இரவுக்கு 15 டாலர் அளவில் கட்டணம். தொடர்ந்து மூன்று இரவு வரை. படகு குறைவாகச் சுற்றுவதால் கரைக்கு அருகில் நிற்க முடியும். நீவாடு ஒரு பக்கம், காற்று இன்னொரு பக்கம் என்றால் மிதவை படகின் பக்கத்தில் இரவெல்லாம் தட்டும். கயிற்றை மிதவையின் வளையத்துக்குள் விட்டு இரு முனையையும் படகிலேயே கட்டி, மிதவை படகின் முகப்புக்கு நேர் கீழே ஒட்டித் தொங்கும் அளவுக்குக் குறுக்கிவிட்டால் சத்தம் பெரும்பாலும் அடங்கும்.

நங்கூரம் போடுவதானால் கணக்கு ஏற்றத்துக்குப் போட வேண்டும். கோடையில் இங்கே மிகத் தாழ்ந்த வற்றம் நடுப்பகலை ஒட்டி வரும். மதியம் நங்கூரமிட்டவரின் படகுக்கடியில் இரவில் 3 மீட்டர் தண்ணீர் கூடும். ஆழம் 8 மீட்டர், ஏற்றம் 3, முகப்பின் உயரம் 1, ஆக 12. நங்கூரத்தில் கட்டியது முழுக்கச் சங்கிலி என்றால் அதைப்போல் நான்கு மடங்கு நீளம் விட வேண்டும், 48 மீட்டர். மதியம் பார்த்த 8 மீட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டு 32 மீட்டர் விட்டவரின் படகுதான் இரவு இரண்டு மணிக்கு இழுபட்டு வரும். 36 மீட்டர் விட்டதும் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி நங்கூரத்தை ஊன்ற வைத்து, மீதியை விட்டு, எஞ்சினை அரை நிமிடம் கூட்டிப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு மரங்கள் விலகாமல் நிற்க வேண்டும். கடைசியாக 12 மி.மீ. நைலான் கயிறு 6 மீட்டரைச் சங்கிலியில் கொக்கியிட்டுப் பாரத்தை அதற்கு மாற்றுங்கள். சங்கிலி முகப்பு உருளையில் உரசும் முனகல்தான் பாதி நாய்களை எழுப்புகிறது.

கரை இறங்கும்போது

ஏறும் ஓதத்தில் டிங்கியைக் கரையில் இழுத்துவிட்டு நடக்கப் போனால் திரும்பும்போது அது மிதந்துகொண்டிருக்கும். இறங்கும் ஓதத்தில், மோட்டாரோடு, பார்னக்கிள் எனும் கூர் ஓட்டு உயிரிகள் அப்பிய கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்த ஓடுகள் நாயின் உள்ளங்காலைச் சீவிவிடும். டிங்கியின் ரப்பரையும் விடாது. நாய் குதிக்குமுன் தூக்குப்பிடி உள்ள உயிர்காப்பு உடையைப் பிடித்து இறக்குவதே சரி. பூங்காக்களில் நாய்க்கயிறு 8 அடிக்கு மேல் கூடாது. குப்பைத்தொட்டி இல்லாததால் கழிவுப் பைகளுக்கென்று மூடியுள்ள வாளி ஒன்று படகின் பின்புறம் இருக்கட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கரையில் தனியாகக் கிடக்கும் கடல்நாய்க் குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்டதல்ல. தாய் இரை தேடப் போயிருக்கும். 100 கெஜம் தள்ளியே நிற்க வேண்டும். செத்த சால்மனை நாய் கடிக்க விடாதீர்கள்; அதிலுள்ள ஒட்டுண்ணி வழியாக வரும் நோய், சிகிச்சை இல்லாவிட்டால் நாயைக் கொன்றுவிடக்கூடியது. தின்று ஒரு வாரத்தில் வாந்தி, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சால்மன் தின்றதை முதலில் சொல்லுங்கள். கடல்நீர் குடித்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வரக்கூடும். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நன்னீர் வேண்டும், நடைநாளில் இன்னும் கூட. சூசியாவில் கோடைப் பருவத்தில் மட்டுமே குழாய்நீர் வரும் என்பதால் தொட்டியை நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.

ரீட் ஹார்பரிலிருந்து எல்லை தாண்டி கனடாவின் கேலியானோ தீவின் மான்டேக் ஹார்பருக்குப் போகும் ஆசை வந்தால், நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது, 2024 ஆகஸ்ட் முதல், அமெரிக்காவுக்குள் நுழையும் நாய் ஆறு மாதம் நிறைந்து மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் படிவத்தையும் முன்பே இணையத்தில் நிரப்ப வேண்டும். குடாக்களில் செல்பேசி அலைவரிசையை நம்ப முடியாது. படிவத்தை வீட்டிலேயே முடித்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.