வாழைப்பழமா, காராமணியா, அந்திமந்தாரையா? வீட்டில் மரபியல் சொல்லித்தர எது தேறும்

பிள்ளைகளுக்கு மரபியலைச் செய்துகாட்டிச் சொல்லித்தரலாம் என்று கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் சோதனை. பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நன்றாகக் குளிரவைத்து டம்ளர் ஓரமாக மெல்ல ஊற்றினால், வெள்ளை நூல் போல ஒன்று திரண்டு வரும். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வை உடைக்கிறது. ஆல்கஹாலில் டி.என்.ஏ. கரையாது, அதனால் திரள்கிறது. அரை மணி நேர வேலைதான். ஊற்றுவது மட்டும் பெரியவர் வேலை, அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. 1869-இல் ஃபிரீட்ரிக் மீஷர் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தது மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் குஷியாகிவிடுவார்கள். ஆனால் அந்த நூல் சுத்தமான டி.என்.ஏ. அல்ல, பழத்தின் பசைப்பொருளான பெக்டினும் புரதமும் சேர்ந்தே வரும். முக்கியமான குறை வேறு. அம்மாவின் சுருட்டை முடி தங்கைக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இந்த டம்ளரில் பதில் இல்லை. நல்ல வேதியியல் பாடம், அவ்வளவுதான்.

மிட்டாயும் பல்குத்தும் குச்சியும் வைத்துச் செய்யும் டி.என்.ஏ. மாதிரி, அதாவது முறுக்கு ஏணி, இதைவிடக் குறைவாகவே கற்றுத்தருகிறது. ஏணியின் படிகளான நான்கு வேதிப்பொருள்களில் அடினைனுக்கு எதிரில் தைமின், குவானினுக்கு எதிரில் சைட்டோசின் என்ற ஜோடி மனதில் பதியும். செய்வதானால் வலப்பக்க முறுக்காகச் செய்யுங்கள். பல படங்களிலேயே தவறாகத்தான் இருக்கிறது.

அடுத்தது குடும்பக் கணக்கெடுப்பு. செலவே இல்லாதது, ஆனால் எனக்கு அதிகம் தயக்கம் தருவது. இதில் முதலில் கேட்கப்படுவது 'யாருக்கு நாக்கு சுருளும்?' என்பது. ஒற்றை மரபணு தீர்மானிக்கும் பண்பு என்று 1940-இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் எழுதியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1952-இல் மாட்லாக் என்ற ஆய்வாளர், மரபணுக்கள் ஒன்றேயான ஒரேகரு இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்ததில், 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. காது மடல் ஒட்டியதா, தொங்குவதா என்பதும் இப்படித்தான். நடுவாந்தரமாக எத்தனையோ காதுகள் உண்டு. அப்பா அம்மா இருவருக்கும் சுருளாத நாக்கு பிள்ளைக்குச் சுருண்டால், அந்தப் பட்டியல் வீட்டில் வேண்டாத பேச்சைக் கிளப்பும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு இது இன்னும் சங்கடம்.

குடும்பத்தை வைத்தே செய்ய வேண்டுமென்றால் ரத்த வகை மேல். பள்ளி அடையாள அட்டையிலேயே இருக்கும். அப்பா ஏபி, அம்மா ஓ என்றால் பிள்ளைகள் ஏ அல்லது பி. பெற்றோர் இருவரின் வகையும் வராது. இது நல்ல புதிர். ஆனால் அட்டையில் தப்பாக எழுதியிருக்கலாம். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பம்பாய் ரத்த வகை' போன்ற அபூர்வ விதிவிலக்குகளும் உண்டு. ஆகவே, பெற்றோரில் வெளியே தெரியாத பண்பு பிள்ளையிடம் தலைகாட்டும் என்பது புரிந்த பிறகே இதைத் தொடலாம்.

அதைப் புரியவைப்பதற்குக் காராமணிதான் சரி. இரண்டு கிண்ணம், ஒன்று அப்பா, ஒன்று அம்மா. ஒவ்வொன்றிலும் சிவப்புக் காராமணி 20, வெள்ளைக் காராமணி 20. ஒவ்வொரு விதையும் பூ நிறத்துக்கான ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் ஒரு 'பிள்ளை'. ஒரு சிவப்பு இருந்தாலும் சிவப்புப் பூ; இரண்டும் வெள்ளையானால்தான் வெள்ளைப் பூ. எழுதிக்கொண்டு, விதைகளைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். அளவு ஒன்றுபோல் இருக்கட்டும், இல்லாவிட்டால் விரலே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், கொடிய விஷம்.

நான்கு தடவை எடுத்தால் மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை என்று சரியாக வருவதற்கான வாய்ப்பு 42 சதவீதம்தான். பிள்ளை 'புத்தகத்தில் 3:1 என்று போட்டிருக்கே, வரலையே!' என்று சண்டைக்கு வரும். வரட்டும், பாடமே அந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது. இருநூறு தடவை வரை போகச் சொல்லுங்கள், விகிதம் தானாக நெருங்கும். அப்புறம் பட்டாணிச் செடிகளில் மரபியல் விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் கணக்கைக் காட்டலாம்: உருண்டைப் பட்டாணி 5,474, சுருங்கியது 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96. மற்ற சோதனைகளில் இல்லாத இரண்டு விஷயங்கள், தற்செயலும் எண்ணிக்கையும், இதில் இருக்கின்றன.

உயிருள்ள செடியே வேண்டும் என்றால்? பட்டாணிக்குக் குளிர் வேண்டும், நம் சமவெளி வெயிலில் சிரமம். பழ ஈ பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை தரும். ஆனால் வீட்டில் சிக்குபவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட எதுவும் கிடைக்காது. நான் சொல்வது அந்திமந்தாரை. மெண்டலின் விதிகளை 1900-இல் மீட்டெடுத்தவர்களில் ஒருவரான கார்ல் கோரென்ஸ் ஆராய்ந்த செடி. காராமணி விளையாட்டைப் போல் இதில் சிவப்பு வெள்ளையை முழுதாக மறைப்பதில்லை; சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். அடுத்த தலைமுறையில் மூன்று நிறமும் 1:2:1. சாயங்காலம் பூ விரியும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரே விதை என்பதால் நிறையப் பூக்களில் செய்ய வேண்டியிருக்கும். தெருவோரச் செடி தூய வழி, அதாவது தலைமுறை தலைமுறையாக ஒரே நிறம் தருவது, என்று நம்ப முடியாது, அதனால் கணக்கு பிசகலாம். விதை வாயில் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு.

என் வரிசை இதுதான்: எட்டு வயதுக்கு மேல் காராமணி, அந்த வாரமே ஒரு மாலை வாழைப்பழம், பொறுமை இருக்கும் வீட்டில் பத்து வயதுக்கு மேல் அந்திமந்தாரை. ரத்த வகை உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு. நாக்கைச் சுருட்டி விளையாடலாம், அதை மரபியல் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.