ஸ்கேனா, ரத்தத்தில் மெத்தில் குறியா?

கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்று வருகிறதா என்று கண்காணிக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கூடவே ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற, இந்தப் புற்றில் பலருக்கு ஏறும் புரதத்தின் அளவு. இன்றைய நடைமுறை இதுதான். புற்று சிறிதாக இருக்கும்போதே சிக்கினால் அறுத்தெடுக்கலாம், மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம்.

ஸ்கேன் பார்ப்பவரின் கைத்தேர்ச்சியில்தான் எல்லாம் இருக்கிறது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று விலா இடுக்கில் கருவியை அழுத்துவார். கொழுப்பு படிந்த கல்லீரல் என்றால் திரையின் ஆழப் பகுதி மங்கிவிடும். சுருங்கிய கல்லீரலின் முடிச்சுகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி சுலபமாக ஒளிந்துகொள்ளும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கணக்கில், ஆரம்பக் கட்டப் புற்றில் ஸ்கேன் மட்டும் கண்டுபிடித்தது 45%. ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தபோது 63%. அந்தப் புரதமோ ஹெபடைடிஸ் தீவிரமானாலும் ஏறும். புற்று வந்தும் பலருக்கு ஏறாது.

ரத்தத்தில் மெத்தில் குறியைப் பார்க்கும் மெத்திலேஷன் சோதனை தேடுவது கட்டியை அல்ல, அது ரத்தத்தில் சிந்தும் டி.என்.ஏ. துணுக்குகளை. புற்றுசெல்லில் சில மரபணுக்களின் முகப்பில் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதித் துணுக்குகள் வழக்கத்துக்கு மாறாக ஒட்டியிருக்கும். டி.என்.ஏ. துணுக்குகளை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளோடு வினைபுரியவிட்டால், டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் ஒட்டாத இடத்தில் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும். ஒட்டியது மாறாமல் நிற்கும். ஆய்வகம் படிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். மூன்று மரபணுக் குறிகளோடு ஏ.எஃப்.பி.யையும் பாலினத்தையும் சேர்த்த ஓர் அமெரிக்கச் சோதனை, ஆரம்பக் கட்டத்தில் 82% பிடித்தது.

82ஐயும் 63ஐயும் பக்கத்தில் வைத்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். அந்தச் சோதனையைச் சரிபார்த்தது, புற்று உறுதியான 156 பேரையும் இல்லாத 245 பேரையும் ஒப்பிட்டு. ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருப்பவர்களிடம் இதே அளவு பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதோடு, புற்று இல்லாத 100 பேரில் சுமார் 13 பேருக்கு அது தவறாக எச்சரித்தது. சுருக்கம் உள்ள 100 பேரில் ஆண்டுக்கு 2 முதல் 4 பேருக்குத்தான் புற்று வருகிறது. அப்படியானால் பயந்து ஓடிவருபவர்களில் பெரும்பாலோர் புற்று இல்லாதவர்கள்.

ரத்தத்தில் குறி தெரிந்தாலும் கட்டி எங்கே, எத்தனை என்று தெரியாது. அதற்கு, படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். சுருக்கம் உள்ளவருக்கு அந்தப் படத்தில் கட்டியில் மருந்து முதலில் பளிச்சென ஏறிப் பின் வடிந்தால், பெரும்பாலும் சதை எடுத்துப் பார்க்காமலேயே நோயை உறுதிசெய்துவிடுவார்கள்.

என் கணிப்பில் மெத்திலேஷனால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள், உடல் பருமனாலோ கொழுப்புக் கல்லீரலாலோ ஸ்கேன் தெளிவாக விழாதவர்கள்தான். அறிக்கையில் "சரியாகத் தெரியவில்லை" என்று இருந்தால் அடுத்த ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். மெத்திலேஷன் சோதனை கிடைத்தால் அதையும் செய்யலாம், ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாமல்.